வெளிநாட்டில் சின்னக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு நாடுகளில், மொத்தம் ஆறு ஆண்டுகள், மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்த பிறகு, கிளம்பப் போகிறவர்கள், கிளம்பிப் போய் அங்கே திணறுகிறவர்கள் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் பேசுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் பேசும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, நிதானமாக எழுதியிருக்கிறேன். பெரிய பிள்ளைகளுக்குக் கற்பிப்பது வேறு மாதிரி வேலை. இங்கே பேசுவது சின்னக் குழந்தைகளைப் பற்றி மட்டும்.

இங்கிலீஷ் என் தாய்மொழி இல்லை. என்னை வேலைக்கு எடுப்பார்களா?

அது நாட்டைப் பொறுத்தது. தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கத் தரும் இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அங்கே உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்பது அப்புறம். தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளில் மற்ற நாட்டவரும் நிறைய வேலை செய்கிறார்கள். தாய்லாந்துப் பள்ளிகளில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. பட்டம், பயிற்சிச் சான்றிதழ், ஐஈஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வில் நல்ல மதிப்பெண், இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

ஒரே வேலைக்குத் தாய்மொழிக்காரருக்கு ஒரு சம்பளம், மற்றவருக்குக் குறைந்த சம்பளம் என்று வெளிப்படையாகவே விளம்பரம் வரும். அது அநியாயம்தான். ஆனால் அதை வைத்து உங்கள் தகுதியை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். எந்த இடத்தில் நாக்கு சிக்கும், எங்கே குழப்பம் வரும் என்பதெல்லாம் நீங்கள் கடந்து வந்தது. வகுப்பில் இருக்கும் அத்தனை குழந்தைகளும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

டெஃபல், டெசால், செல்டா என்கிறார்கள். எதைப் படிப்பது?

மூன்றுமே ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றிதழ்கள். பெரும்பாலான விளம்பரங்களில் '120 மணி நேர டெஃபல் அல்லது டெசால்' என்று இருக்கும். கணினி முன் உட்கார்ந்தே அதை முடித்துவிடலாம். விசாவுக்கும் நேர்காணலுக்கும் அது உதவும். வகுப்பில் நிற்கும் தைரியத்தை அது தராது. கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பில் உண்மையான மாணவர்கள் முன் குறைந்தது 6 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார். அது பெரிய வித்தியாசம். ஆனால் செல்டா பெரியவர்களுக்குக் கற்பிப்பதை மனதில் வைத்து அமைத்த படிப்பு.

என் யோசனை இதுதான்: எந்தச் சான்றிதழ் எடுத்தாலும், போவதற்கு முன் ஒரு மாதமாவது ஏதாவது ஒரு மழலையர் வகுப்பில் போய் உட்காருங்கள். எந்த மொழி வகுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இருபது குழந்தைகளை ஓர் ஆசிரியை எப்படிச் செருப்பு மாட்ட வைக்கிறார் என்று பார்ப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காத பயிற்சி.

அப்போஸ்டில் என்றால் என்ன? எல்லாச் சான்றிதழுக்கும் வேண்டுமா?

உங்கள் பட்டச் சான்றிதழ் உண்மையானது என்று உங்கள் அரசு இன்னொரு நாட்டுக்குச் சொல்லும் முத்திரை அது. 1961 ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருந்து, அது அவற்றுக்கிடையே நடைமுறையில் இருந்தால் அந்த முத்திரையே போதும். இல்லாவிட்டால் அந்த நாட்டுத் தூதரகத்தில் தனியாகச் சான்றுறுதி வாங்க வேண்டும். பொதுவாகப் பட்டச் சான்றிதழுக்கும் காவல்துறை நற்சான்றிதழுக்கும் கேட்பார்கள். குழந்தைகளோடு வேலை என்பதால் இரண்டாவதைப் பெரும்பாலான இடங்களில் விடமாட்டார்கள். அதற்குச் சில மாதங்கள்தான் ஆயுள் என்று பல நாடுகள் வைத்திருக்கின்றன, அதனால் ரொம்ப முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள்.

'முதலில் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்கிறார்கள். போகலாமா?

போகாதீர்கள். சில நாடுகளில் உள்ளே போன பிறகு விசா வகையை மாற்றச் சட்டப்படி வழி இருக்கிறது, அது உண்மை. ஆனால் மாற்றி முடிக்கும் வரை வகுப்பெடுக்க உங்களுக்கு அனுமதி கிடையாது. 'அதுவரை சும்மா வந்து உதவி செய்யுங்கள்' என்பார்கள். அந்த உதவிதான் சட்டத்தின் கண்ணில் அனுமதியில்லாத வேலை. சோதனை வந்தால் அபராதம் கட்டி வெளியேறப்போவது நீங்கள். மாற்றுவதாகச் சொன்னவர் அடுத்த ஆளுக்கு விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பார். வேலை அனுமதிக்கான வேலைகளை நீங்கள் கிளம்புவதற்கு முன்பே தொடங்காத நிறுவனம், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவசரப்படப் போவதில்லை.

ஒப்பந்தத்தில் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

'வாரம் 25 மணி நேரம்' என்று போட்டிருந்தால் அது வகுப்பு நேரமா, பள்ளியில் இருக்க வேண்டிய நேரமா என்று எழுத்தில் கேளுங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் தயாரிப்பது வெட்டுவது, ஒட்டுவது, வரைவது என்று நேரம் தின்னும் வேலை. அதற்குச் சம்பளம் உண்டா? சனிக்கிழமை விழா, பெற்றோர் சந்திப்பு, ஆளில்லாத வகுப்புக்குப் போய் நிற்பது, இவையெல்லாம் எந்தக் கணக்கில் வரும்? வீட்டு முன்பணம் யார் கட்டுவது? விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு?

இன்னொன்றும் உண்டு. பல நாடுகளில் உங்கள் விசா அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். வேலை போனால் தங்கும் உரிமையும் போகலாம். தென் கொரியாவில் ஓராண்டு முழுதாக வேலை செய்தால் விலகும்போது ஒரு மாதச் சம்பளம் அளவுக்குப் பணிக்கொடை சட்டப்படி உண்டு. அதைத் தராமல் தப்பிக்க, ஆண்டு முடியும் முன்பே வேலையிலிருந்து நீக்கிவிடுவதும் உண்டு. அதனால்தான் அங்கே 'ஹாக்வோன்' எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்களில் பதினோராவது மாதம் கவனமாக இருங்கள் என்று பழைய ஆசிரியர்கள் புதியவர்களை எச்சரிப்பார்கள். நிறுவனம் பெரியது என்பதாலேயே நிம்மதியடைய வேண்டாம். 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிக்கு வெளியே நடக்கும் பயிற்சி வகுப்புகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது, பெரிய பெரிய நிறுவனங்களே சுருங்கிப்போய் ஏராளமான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். ஒப்பந்தம் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் எது செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அந்த ஊர் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எப்படிப் பாடம் எடுப்பது?

உடம்பால்தான். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு முறையை உருவாக்கினார். ஆசிரியர் ஒரு கட்டளையைச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவார். மாணவர்கள் பேச வேண்டியதில்லை, செய்தால் போதும். 'ஸ்டாண்ட் அப்' என்று சொல்லி எழுந்திருங்கள். 'சிட் டவுன்' என்று சொல்லி உட்காருங்கள். ஐந்தாவது தடவை நீங்கள் அசையாமல் சொல்லிப் பாருங்கள், பாதி வகுப்பு எழுந்து நிற்கும். மொழி காதில் நுழைந்து காலில் வெளிப்படுவதை அப்போது கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் மாதத்துக்கு ஏழெட்டு வாக்கியங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வா, உட்கார், கேள், பார், கை கழுவு, வரிசையில் நில், எடுத்து வை. ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல், ஒரே சைகை, ஒரே ராகம். ஒரு நாள் 'லைன் அப்', மறுநாள் 'கேன் யூ ஆல் மேக் எ லைன் பிளீஸ்' என்று மாற்றினால் குழந்தைக்கு அது இரண்டு வெவ்வேறு சத்தம். நமக்குச் சலிப்புத் தட்டும் அந்த இடத்தில்தான் குழந்தைக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

முதல் நாள் என்ன செய்வது? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய காலுறையில் இரண்டு பொத்தான் தைத்துக் கைப்பொம்மை செய்து, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் இரைச்சல். நான் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்தேன். பை லேசாக அசைந்தது. முன்னால் இருந்த ஒரு பையன் பார்த்தான். மறுபடி அசைந்தது. நான் பைக்குள் எட்டிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து, ரகசியமாக 'ஹலோ' என்றேன். பொம்மை வெட்கப்பட்டு உள்ளேயே ஒளிந்துகொண்டது. அந்தப் பையன் தவழ்ந்து வந்து பையின் வாயருகே குனிந்து அதே ரகசியக் குரலில் 'ஹலோ' என்றான். பொம்மையின் ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. அப்புறம் பதினெட்டுப் பேரும் வரிசையாக வந்து பைக்கு ஹலோ சொன்னார்கள். அன்றைக்குப் பாடம் அந்த ஒரே சொல்தான். போதும்.

முதல் நாளின் இன்னொரு வேலை பெயர்கள். கேட்டபடி தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நம் எழுத்தில் க, ச, ட, த, ப வல்லொலியா மெல்லிய ஒலியா என்று தெரியாது என்பதால் மேலே ஒரு சிறு குறி போட்டுக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னால் குழந்தையையே திருத்தச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு மொழியைக் கற்கிறீர்கள், தப்பு செய்கிறீர்கள், திருத்திக்கொள்கிறீர்கள் என்று அது பார்க்கும். 'ஜான்', 'மேரி' என்று ஆங்கிலப் பெயர் வைத்து அழைக்கும் வழக்கம் சில பயிற்சி நிலையங்களில் உண்டு. பள்ளி விதி என்றால் ஏற்கத்தான் வேண்டும், ஆனாலும் குழந்தையின் உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒரு வகுப்புக்கு எவ்வளவு தயார் செய்ய வேண்டும்? நான் கொண்டுபோனது பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

எல்லோருக்கும் நடப்பதுதான். நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு வேலை ஐந்து நிமிடம் தாங்கினால் நல்ல வேலை. நாற்பது நிமிட வகுப்புக்கு ஏழெட்டுச் சின்னச் சின்ன வேலைகள் வேண்டும். அதற்காக ஏழெட்டுப் புதுப் பாடம் வேண்டாம். நான்கு புதுச் சொற்கள் போதும். அதே நான்கு சொற்களைப் பாட்டில், ஒளித்து வைத்த அட்டையில், குதித்து மிதிக்கும் விளையாட்டில், கதையில் திரும்பத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஓடவைக்கும் வேலை ஒன்று, உட்காரவைக்கும் வேலை ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டு ஓட்டங்களை அடுத்தடுத்து வைத்தால் அதற்கப்புறம் வகுப்பு உங்கள் கையில் இருக்காது.

ஏபிசிடி-யில் இருந்து தொடங்கலாமா?

வேண்டாம் என்பேன். தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் ஒன்று. அதனால் எழுத்தின் பெயரைச் சொன்னால் படிக்க வந்துவிடும் என்று நாம் இயல்பாகவே நம்புகிறோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'எச்' என்ற பெயரில் ஹகர ஒலி எங்கே? 'டபிள்யூ' என்ற பெயரில் வாய் குவிந்து வரும் அந்த ஒலி எங்கே? 26 எழுத்துகள், சுமார் 44 ஒலிகள். 'சி, ஏ, டி' என்று பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் ஒருபோதும் 'கேட்' வராது.

முதலில் காதும் வாயும். சில மாதம் கழித்து ஒலிகளோடு எழுத்து. அந்த முறைக்கு ஃபோனிக்ஸ் என்று பெயர். பல ஃபோனிக்ஸ் திட்டங்கள் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலியிலிருந்து தொடங்கும். அந்த ஆறை வைத்தே சிட், பின், டின், டிப் என்று நிறையச் சின்னச் சொற்களைக் குழந்தை தானே கூட்டிப் படித்துவிடும் என்பதுதான் காரணம். பள்ளி அகரவரிசைப் பாட்டைக் கேட்டால் பாடிவிட்டுப் போங்கள், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

என் உச்சரிப்பு சரியில்லை. குழந்தைகளுக்கும் அது ஒட்டிக்கொள்ளுமே?

ஒட்டிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஆனால் வேறு யார் மாதிரியோ பேச வேண்டியதில்லை. தமிழ் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று நான்குதான். ஒன்று, கால்நடை மருத்துவரைக் குறிக்கும் சொல்லும் ஈரத்தைக் குறிக்கும் சொல்லும் நம் வாயில் ஒரே 'வெட்' ஆகிவிடும். முதலாவதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இரண்டாவதற்கு உதடு குவிய வேண்டும். இரண்டு, 'எலிபென்ட்' நம்மிடம் 'யெலிபென்ட்' ஆகும். முன்னால் வரும் அந்த ய் வேண்டாம். மூன்று, சொல்லின் முதலில் வரும் பகரத்தில் ஒரு சின்னக் காற்று வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். தாள் ஆடவில்லை என்றால் நீங்கள் சொன்னது பேரிக்காயா கரடியா என்று கேட்பவருக்குத் தெரியாது. நான்கு, மிருகக்காட்சி சாலையின் 'ஜூ'வில் வருவது நம் ஜகரம் இல்லை. பல்லைச் சேர்த்து வண்டு போல ரீங்கரிக்கும் ஒலி.

நமக்குச் சாதகமும் உண்டு. ர, ல, ள, ழ நான்கையும் பிரித்துக் கேட்கும் காது நமக்கு. ஜப்பானியம் பேசும் குழந்தைக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்கும்போது, நாக்கு எங்கே போகிறது என்று நம்மால் வாயைத் திறந்து காட்ட முடியும். அதோடு, உங்கள் குரலை மட்டுமே அவர்கள் கேட்க வேண்டும் என்றில்லை. பாட்டுகள், ஒலிக்கதைகள் வழியாக வேறு குரல்களையும் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள்.

ஒரு குழந்தை வாயே திறப்பதில்லை. மூன்று மாதம் ஆகிவிட்டது. ஏதாவது பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. புது மொழிக்குள் வரும் குழந்தைகள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு காலம் உண்டு. ஸ்டீபன் கிராஷென் போன்ற மொழி ஆய்வாளர்கள் இதை மௌன காலம் என்பார்கள். சில வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். அந்தக் குழந்தை சொன்னதைச் செய்கிறதா, படத்தைத் தொட்டுக் காட்டுகிறதா, பாட்டில் உதடாவது அசைகிறதா என்று பாருங்கள். அதெல்லாம் நடந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. தன் தாய்மொழியிலும் பள்ளியில் பேசுவதில்லை, அழைத்தால் திரும்புவதில்லை என்றால் மட்டும் வகுப்பாசிரியையிடம் தனியாகச் சொல்லுங்கள்.

என் வகுப்பில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி நான்கு மாதம் ஒரு சொல் பேசவில்லை. ஒரு நாள் கைகழுவும் இடத்தில் வரிசை. ஒரு பையன் நடுவில் புகுந்தான். அவள் கையை நீட்டி மறித்து, 'நோ. மை டர்ன். யூ வெயிட்' என்றாள். அந்த வரிசையில் தினமும் நான் சொல்வது அது. என் இழுப்பு, என் தலையாட்டல், எல்லாம் அப்படியே இருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். மறுநாள் பழையபடி மௌனம். இன்னும் மூன்று வாரம் கழித்துத்தான் தாராளமாகப் பேசினாள். 'சொல்லு, சொல்லு' என்று நான் முகத்துக்கு நேரே நின்று வற்புறுத்தியிருந்தால் அந்த மூன்று வாரம் மூன்று மாதம் ஆகியிருக்கும்.

வகுப்பில் அவர்கள் மொழியைப் பேசலாமா? பள்ளி கூடவே கூடாது என்கிறது.

பாடத்துக்கு ஆங்கிலம் என்ற விதியில் அர்த்தம் இருக்கிறது. நீங்கள் மொழிபெயர்ப்பீர்கள் என்று தெரிந்தால் குழந்தை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும், ஆங்கிலத்தைக் கேட்காது. ஆனால் விழுந்து முட்டி சிராய்த்த குழந்தைக்கு அந்த விதி எதற்கு? 'வலிக்கிறதா', 'அம்மா வருவாங்க', 'கழிவறைக்குப் போகணுமா', 'பயப்படாதே', இந்த நான்கையும் அவர்கள் மொழியில் கற்றுக்கொண்டுதான் வகுப்புக்குள் கால் வைக்க வேண்டும். இதைப் பள்ளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறுக்கும் பள்ளியை நான் பார்த்ததில்லை.

கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், ஒருவன் கடிக்கவே செய்கிறான். என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை.

குரலை உயர்த்தாதீர்கள், உங்களைவிட அவர்களுக்குத் தொண்டை பலம். தாழ்த்திப் பாருங்கள், கேட்பதற்காகவே சிலர் நெருங்குவார்கள். 'ஓடாதே' என்பதில் புது மொழிக் குழந்தைக்குக் காதில் விழுவது 'ஓடு' மட்டும்தான், அதனால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொல்லுங்கள்: 'வாக்'. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில்தான் வகுப்பு சிதறும். அந்த இடத்துக்கு ஒரு பாட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டு முழுக்க அதே பாட்டு.

கடிக்கிற குழந்தைக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, சொல்ல மொழி இல்லை. உங்கள் வகுப்பில் அவன் பேச்சை நீங்கள் புரிந்துகொள்வதில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். யாருக்குப் பக்கத்தில் இருக்கும்போது, எந்த நேரத்தில் கடிக்கிறான் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். என் வகுப்பில் அப்படி ஒருவன் மதியத் தூக்கத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான் எப்போதும் கடித்தான். அந்த நேரத்தில் அவனை என் பக்கத்தில் உட்காரவைத்து அட்டைகளை அடுக்கச் சொன்னேன். கடிப்பது நின்றது.

உள்ளூர் டீச்சர் என்னோடு முகம் கொடுத்தே பேசுவதில்லை. என்னைப் பிடிக்கவில்லையோ?

பல நாடுகளில் நீங்கள் தனியாகக் கற்பிக்க மாட்டீர்கள். ஜப்பானில் வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு வரவழைக்கும், 1987 முதல் நடக்கும் ஜெட் திட்டத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பதவியின் பெயரே துணை மொழியாசிரியர். அந்த ஆசிரியையின் இடத்திலிருந்து பாருங்கள். வகுப்பு அவருடையது. அழுகை, மூக்கு ஒழுகல், பெற்றோரின் புகார் எல்லாம் அவர் தலையில். நீங்கள் வந்து நாற்பது நிமிடம் பாடிவிட்டு, கொதித்துக் கிடக்கும் வகுப்பை அவரிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள். ஆங்கிலத்தில் பேச அவருக்குக் கூச்சமாகவும் இருக்கலாம்.

எனக்கு இப்படி ஒரு சகா இருந்தார். மூன்று மாதம் வணக்கம் மட்டும்தான். ஒரு நாள் பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை அமைதியான வேலையாக மாற்றி, குழந்தைகள் உட்கார்ந்த நிலையில் வகுப்பை ஒப்படைத்தேன். நாற்காலிகளையும் அடுக்கிவிட்டுப் போனேன். இரண்டு வாரத்தில் அவரே வந்து, வரும் வாரத்து வகுப்புத் திட்டத்தைக் காட்டி, 'இந்தச் சொற்களை நீங்களும் எடுக்கிறீர்களா' என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் கேட்டார். அதற்கப்புறம் அந்த ஊரில் எனக்கு அவர்தான் நெருக்கம். பாடத்திட்டத்தைப் படங்களோடு ஒரு பக்கத்தில் முந்தைய நாளே கொடுங்கள். குழந்தைகள் முன்னால் அவர் ஆங்கிலத்தை ஒருபோதும் திருத்தாதீர்கள்.

குழந்தைகளைத் தூக்கலாமா? படம் எடுத்துப் போடலாமா?

பள்ளியின் விதியைக் கேட்டு அதன்படியே நடங்கள். கேட்க மறந்தாலும் இவற்றை மட்டும் மீறாதீர்கள்: மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்காதீர்கள், கழிவறை உதவியை உள்ளூர்ப் பணியாளரிடம் விடுங்கள், நீங்களாகப் போய் அணைக்காதீர்கள். அழுதுகொண்டே வந்து கட்டிக்கொள்ளும் குழந்தையைத் தள்ளிவிடவும் வேண்டாம், மற்றவர் பார்க்கும்படி பக்கவாட்டில் அணைத்துத் தட்டிக்கொடுங்கள். உங்கள் சொந்தக் கைபேசியில் குழந்தைகளின் படம் வேண்டவே வேண்டாம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

ஆறு மாதம் ஆகியும் எதுவும் பேசவில்லை என்று பெற்றோர் குறை சொல்கிறார்கள்.

அவர்கள் பணம் கட்டுகிறார்கள், கவலைப்படுகிறார்கள், அது நியாயம். மௌன காலத்தைப் பற்றி மேலே சொன்னதை அவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் விளக்கத்தைவிடப் பார்ப்பது பலன் தரும். வீட்டில் போய் 'வாட்ஸ் திஸ்' என்று பரீட்சை வைக்க வேண்டாம், 'கதவை மூடு' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள் என்பேன். குழந்தை போய் மூடிவிட்டு வரும். அடுத்த நாள் பெற்றோர் முகம் மாறியிருக்கும். மாதம் ஒருமுறை, இந்த மாதம் பாடிய பாட்டு, செய்த கட்டளைகள் என்று அரைப்பக்கம் எழுதி, சக ஆசிரியையிடம் மொழிபெயர்த்து வாங்கி அனுப்புங்கள்.

எப்போது பார்த்தாலும் சளி, காய்ச்சல், தொண்டைக்கட்டு. எனக்கு மட்டும்தானா?

முதல் ஆண்டில் எல்லோருக்கும்தான். குழந்தைகளிடம் சுற்றும் கிருமிகள் உங்களுக்குப் புதியவை. கிளம்பும் முன் தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பு முடிந்ததும் கை கழுவுங்கள், மருத்துவக் காப்பீடு முதல் நாளிலிருந்தே செல்லுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தொண்டைக்கு ஒரே மருந்து கத்தாமல் இருப்பது. கைமணி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாதம். எதுவுமே பிடிக்கவில்லை. திரும்பி வந்துவிடலாமா?

கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960இல் எழுதிய கட்டுரையில், வெளிநாட்டில் குடியேறுகிறவர் கடக்கும் நிலைகளைச் சொன்னார். முதலில் எல்லாம் அழகு, அப்புறம் எல்லாம் எரிச்சல், பிறகு மெல்ல மீள்வது, கடைசியில் பொருந்திப்போவது. எல்லோருக்கும் அச்சாக இதே வரிசையில் நடக்காது. ஆனாலும் இரண்டாவது நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பேருந்து அறிவிப்பு புரியாததற்காக ஒரு நாள் சாலையோரம் நின்று அழுதிருக்கிறேன். அழுதது பேருந்துக்காக இல்லை என்பது இப்போது தெரிகிறது.

அந்த மாதத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். தேதி ஒன்று குறித்துக்கொள்ளுங்கள், இன்னும் எட்டு வாரம் என்று. அதுவரை வாரத்தில் இரண்டு வேலைகளை ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செய்யுங்கள். நூலகமோ, நடைப்பாதையோ, துணி துவைக்கும் இடமோ. ஒரே பாட்டு, ஒரே வரிசை என்று குழந்தைகளுக்குச் செய்கிறீர்களே, அதையே உங்களுக்கும் செய்துகொள்வது இது. மூன்றாம் வாரம் யாரோ ஒருவர் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். எட்டு வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை, காலையில் எழவே முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். திரும்பி வருவதும் தோல்வி இல்லை.

நம் ஆட்களோடு மட்டும் பழகுவது தப்பா?

தப்பில்லை. நாள் முழுக்க நிறுத்தி நிறுத்திப் பேசிய வாய்க்குத் தமிழில் தடையில்லாமல் அரை மணி நேரம் பேசுவது ஓய்வு. ஆனால் அங்கே புலம்பல் மட்டுமே நடந்தால் கவனியுங்கள். கூடவே உள்ளூர் மொழி வகுப்பு ஒன்றில் சேருங்கள். மொழி வருவது ஒருபக்கம் இருக்கட்டும், ஆசிரியர் திடீரென்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்கும்போது நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று ஞாபகம் வரும். அடுத்த நாள் உங்கள் வகுப்பில் ஒரு குழந்தையைக் கேட்கும் முன் கொஞ்சம் பொறுப்பீர்கள்.

சம்பளம் தரவில்லை, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். சொல்லாமல் கிளம்பிவிடலாமா?

பாஸ்போர்ட்டை யாரும் வைத்துக்கொள்ள விடாதீர்கள். விசா வேலைக்குத் தேவை என்றால் ரசீதும் திருப்பித் தரும் தேதியும் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் உங்கள் தூதரகத்துக்குச் சொல்லுங்கள். நான் சேர்ந்த முதல் இடத்தில் இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், முதல் நாளிலிருந்து எடுத்த வகுப்புகளைத் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்தது. அந்த நாட்டுத் தொழிலாளர் துறையில் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்டார்கள். பணம் முழுதும் வந்தது, ஐந்து மாதம் கழித்து.

ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புவது உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும். மற்றபடி, விசா ரத்து செய்யப்படாமல் போனால் அடுத்த வேலைக்கு அந்த நாட்டில் சிக்கல் வரலாம். எழுத்தில் முன்னறிவிப்பு கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி, விடுவிப்புக் கடிதம் தேவைப்படும் நாடு என்றால் அதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஒப்பந்தம் முடிகிறது. குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது? எனக்கே அழுகை வருகிறது.

சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். ஒரு நாள் காலையில் நீங்கள் இல்லை என்றால், தான் ஏதோ தப்பு செய்ததாக நினைக்கும் குழந்தைகள் உண்டு. ஒரு வாரம் முன்னால், சக ஆசிரியையை அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். விமானப் படம் ஒன்று வரைந்து, ஐந்து கட்டம் போட்டு, தினம் ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிக்க விடுங்கள். கடைசி நாளிலும் வழக்கமான பாட்டு, வழக்கமான வரிசை, வழக்கமான கைகழுவல். விருந்து எல்லாம் அதற்கப்புறம்.

காலுறைப் பொம்மையை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்து வருகிறவருக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்தேன்: எந்தப் பாட்டுக்கு வரிசையாக நிற்பார்கள், யாருக்கு எந்தக் காது கொஞ்சம் மந்தம், ஜன்னல் பக்கம் உட்காரும் பையனின் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், பொம்மையை வெளியே எடுக்கும் முன் பையை இரண்டு தடவை அசைக்க வேண்டும், மூன்றாவது தடவைக்கு அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.